காலிக் கோட்டை வீடுகளும் ஒரு மூன்றாவது வாக்கியமும்

சென்ற வருடம் எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவிகள் சிலரைக் காலிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாடத்திட்டத்தில் இல்லாத பயணம்தான். லேன்பான் வீதியில் ஒரு விடுதியின் முன்னால் வந்தபோது, "டீச்சர், உள்ளுக்குப் போய்ப் பார்க்க ஏலுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அது என் உம்மும்மாவின் வீடு என்பது அவளுக்குத் தெரியாது. முகாமையாளர் நல்ல மனிதர். ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றார்.

முன் மண்டபத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த வீட்டின் வரலாறு ஒரு பக்கத்தில், ஆங்கிலத்தில் தொங்குகிறது. ஒல்லாந்தக் கம்பனியின் உத்தியோகத்தர் ஒருவருக்காகக் கட்டிய வீடு. ஆங்கிலேயர் காலத்தில் கைமாறியது. அதன் பின் நெடுங்காலம் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. அண்மையில் அதன் பழைய அழகு மீட்கப்பட்டது. நான்கே வாக்கியங்கள். எங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறை அந்த மூன்றாவது வாக்கியத்துக்குள் கிடக்கிறது.

ஒரு பிரதியில் சொல்லாமல் விட்டது எதுவென்று தேடுவது தமிழ் சிறப்புப் பட்டம் எனக்குத் தந்த பழக்கம். வீடும் ஒரு பிரதிதான். கோட்டைக்குள் இன்று நடக்கும் கட்டடத் திருத்தங்களை அந்த மூன்றாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையை 'ஒல்லாந்தர் கோட்டை' என்கிறோம். மதிலைப் பொறுத்தவரை அது சரி. போர்த்துக்கேயர் அரைகுறையாகப் போட்டிருந்த அரணை 1640இல் பிடித்த ஒல்லாந்தர், 1663இலிருந்து அதை இன்றைய வடிவுக்குக் கட்டினார்கள். ஆனால் காலி என்ற ஊர் மதிலுக்கு மிக முந்தியது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா தெவிநுவரையிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் காலியில் தங்கினார். அங்கே தமக்கு விருந்து வைத்த இப்றாஹீம் என்ற முஸ்லிம் மாலுமியைப் பற்றி எழுதியும் வைத்தார். சீனத் தளபதி செங் ஹோவின் மும்மொழிக் கல்வெட்டு 1911இல் கண்டெடுக்கப்பட்டதும் காலியில்தான். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

வீதிப் பெயர்களும் பேசுகின்றன. லேன்பான் என்றால் ஒல்லாந்த மொழியில் கயிறு திரிக்கும் இடம். இன்றைய பெட்லர் வீதியை ஒல்லாந்தர் 'சோனகச் சில்லறை வியாபாரிகளின் வீதி' என்ற பொருள்படத்தான் அழைத்தார்கள். பெயர் ஆங்கிலத்துக்கு மாறியபோது வியாபாரி மிஞ்சினான், சோனகன் உதிர்ந்து போனான். பரவர் வீதி இன்னும் பரவர் வீதியாகவே இருக்கிறது, பரவர்தான் இல்லை.

நம்மவர் கோட்டை வீடுகளின் சொந்தக்காரர்களாகப் பெருகியது ஒரு துறைமுகத்தின் வீழ்ச்சியோடுதான். 1875இல் தொடங்கிக் கொழும்பில் அலைதடுப்பு அணை கட்டி முடிந்ததும் கப்பல்கள் காலியைக் கடந்து போயின. கப்பலோடு வெள்ளையர் போனார்கள்; பறங்கியரும் மெல்ல மெல்லப் போனார்கள். விலை இறங்கிய அந்த வீடுகளை மாணிக்க வியாபாரமும் நகை வியாபாரமும் செய்த முஸ்லிம் குடும்பங்கள் வாங்கின. பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. வெளிச்சவீட்டுக்கு முன்னால் உள்ள மீரான் பள்ளிவாசல் 1904இல் இன்றைய உருவத்தைப் பெற்றது. அதன் இரட்டைக் கோபுரங்களைப் பார்த்துத் தேவாலயம் என்று ஏமாறாத உல்லாசப் பயணி குறைவு.

உலக மரபுரிமைப் பட்டியலில் கோட்டை 1988இல் சேர்ந்தது. ஐரோப்பியக் கட்டடக்கலையும் தெற்காசிய மரபும் ஒன்றோடொன்று கலந்ததற்கான சான்று என்பது அதற்கு யுனெஸ்கோ சொன்ன காரணங்களில் ஒன்று. நல்லது. அப்படியானால் கலந்தது யார், எங்கே, எப்படி என்று கேட்க வேண்டாமா? வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும், அல்லது கிடைத்திருக்கும்.

உம்மும்மாவின் வீட்டில் வீதிப் பக்கம் நீளமான இஸ்தோப்பு. மரத் தூண்கள், பீலி ஓட்டுக் கூரை, பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த, என் கை முழுவதும் அடங்கும் அளவு தடித்த சுவர்கள். பெரியப்பாவின் மாணிக்க வியாபாரம் முழுக்க அந்த இஸ்தோப்பில்தான். உள் வாசலில் ஒரு திரை. திரைக்கு இப்பால் ஆண்கள், அப்பால் வீடு. சுவரல்ல, ஒரு சீலைத் துணிதான் எல்லை. திரைக்குப் பின்னால் நின்றே உம்மும்மா கல்லின் விலையைத் திருத்திவிடுவார்: "அந்த வெலக்கி குடுக்க வாணாம். நேத்து வந்த ஆள் கூடச் சொன்ன." இஸ்தோப்பில் இருப்பவருக்கு அது கேட்கும். கேட்காதது போல இருப்பார்.

அடுத்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் பின்பக்கச் சுவரில் ஒரு சிறு கதவு இருந்தது. ஒல்லாந்தன் வைத்த கதவல்ல, நம்மவர் வெட்டியது. வீதிக்கு இறங்காமலே உம்மும்மாவும் அயல் வீட்டு ராத்தாமாரும் நாலு வீடு தாண்டிப் போய் வருவார்கள். நோன்பு காலத்தில் கஞ்சிக் கோப்பைகள் போனதும், மௌத்துச் செய்தி வந்ததும், பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியதும் அந்தக் கதவால்தான். வீதியைப் படம் எடுப்பவருக்கு அது தெரியாது. என்னைக் கேட்டால் லேன்பான் வீதி என்பது வெளியே உள்ள கல் பதித்த பாதை மட்டுமல்ல. வீடுகளின் முதுகுப்புறத்தால் ஓடிய இந்த இரண்டாவது வீதியும் சேர்ந்ததுதான். நடு முற்றத்தில் வுழூச் செய்ய ஒரு சீமெந்துத் தொட்டி. அதன் விளிம்பு தேய்ந்து வழவழவென்றிருக்கும். உள் அறைகளின் தரை சிவப்புச் சீமெந்து; பெருநாளைக்கு முதல் நாள் அதற்குச் சிவப்பு பொலிஷ் பூசுவது என் வேலை. கூரை ஒழுகிய மூலையில் ஒரு தகரம்.

இப்போது அந்த வீட்டில் வுழூத் தொட்டி இருந்த இடத்தில் சிறியதொரு நீச்சல் தடாகம். சிவப்புச் சீமெந்தை உடைத்துச் சாம்பல் நிறத்தில் மெருகேற்றிய தரை போட்டிருக்கிறார்கள். சுவரெல்லாம் வெள்ளை. சிறு கதவு அடைபட்டு, பூசப்பட்டு, அதன் மேல் ஒரு பழைய கப்பல் வரைபடம் தொங்குகிறது. அழகாக இல்லையா என்றால், இருக்கிறது. உண்மையில் என் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கூரை ஒழுகவில்லை. மரத் தூண்களைக் கறையான் தின்னவிடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

என் விமர்சனம் வேறு. எதை வைத்துக்கொள்வது, எதைச் சுரண்டி எறிவது என்று தீர்மானித்த இரசனை எது? ஒல்லாந்தர் காலத்துக்குரியது என்று நம்பப்படுவதெல்லாம் 'மரபு'. அதன் பின் வந்த நம்முடைய நூற்றுச் சொச்சம் வருடங்கள் 'சேர்க்கை', அதாவது அழுக்கு. ஆனால் மீட்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தத் தூய வெள்ளை வீட்டில் எந்த ஒல்லாந்தனும் வாழவில்லை. ஒல்லாந்தன் வீட்டு முற்றத்தில் நீச்சல் தடாகம் ஏது? அது இன்றைய வெளிநாட்டு மாளிகைப் புத்தகங்களின் இரசனை. மீட்பு என்ற பெயரில் நடந்தது ஒரு புதுப் படைப்பு. அதைப் புதியது என்று ஒப்புக்கொண்டால் எனக்குச் சண்டையில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முகாமையாளர் அந்த முன் தாழ்வாரத்தை ஆங்கிலத்தில் 'லவுஞ்ச்' என்றார். நாங்கள் இஸ்தோப்பு என்றோம். அது ஒல்லாந்தச் சொல். அலுமாரியின் லாச்சி, அரசாங்கக் கந்தோர், உறுதி எழுதும் நொத்தாரிசு எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். அந்த வீட்டில் கலப்படமில்லாமல் எஞ்சியிருந்த ஒல்லாந்தம் உம்மும்மாவின் வாயில்தான் இருந்தது. அதைத்தான் வெளியேற்றியிருக்கிறார்கள்.

யார் வெளியேற்றினார்கள்? இங்கேதான் எழுதும் கை தயங்குகிறது. யாரும் எங்களைத் துரத்தவில்லை. நாங்கள் விற்றோம்.

வெளிநாட்டவர் காணி வாங்கும்போது செலுத்த வேண்டியிருந்த நூறு வீத வரியை அரசாங்கம் 2002இல் நீக்கியது. 2004இல் திரும்பவும் கொண்டுவந்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் கோட்டைக்குள் தரகர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். உம்மும்மா 1999இல் மௌத்தாகியிருந்தார். மூன்று ஆண் பிள்ளைகள், இரண்டு பெண் பிள்ளைகள். எட்டுப் பங்கு, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. 2001இல் என் உம்மாவும் மௌத்தானார். அவரது எட்டில் ஒன்றில் கால்வாசி வாப்பாவுக்கு. மிச்சத்தில் நானாவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்னுடையது. அப்போது நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலிக்கு வந்து, நொத்தாரிசு காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பினேன்.

நம் சமூகத்தில் இதைப் பற்றி யாரும் பேசியதை நான் கேட்டதில்லை. மீராஸ் சட்டம் சொத்தைப் பலருக்கும் பங்கிடச் சொல்கிறது. அதன் நீதியில் எனக்குச் சந்தேகமில்லை, அந்த நீதியால்தான் பெண்ணான எனக்கும் ஒரு பங்கு வந்தது. தொல்பொருள் சட்டமோ வீட்டை உடைக்காதே, நடுவில் சுவர் வைக்காதே, அனுமதியில்லாமல் ஓடு மாற்றாதே என்கிறது. அதன் நியாயமும் விளங்குகிறது. இரண்டும் ஒரே வீட்டின் மேல் விழும்போது பிரிக்கவும் முடியாது, திருத்தவும் கையில் காசில்லை. காசாக்கினால்தான் பங்கு போடலாம். ஆக, மரபுரிமைச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் சேர்ந்து, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே, எங்களைச் சந்தைக்குத் தள்ளின. பிள்ளைகள் பேரில் வீட்டை வக்ஃப் செய்து வைத்திருக்கலாம். பள்ளிக்கு வக்ஃப் செய்யத் தெரிந்த நமக்கு, குடியிருக்கும் வீட்டைக் குடும்பத்துக்கே வக்ஃப் செய்யலாம் என்ற எண்ணம் வரவில்லை. பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "அப்ப ஆருக்கு மகள் இதெல்லாம் தெரிஞ்சீந்த? வெல நல்லா வந்திச்சி" என்றார். அவர் கட்டுகொடவில் புது வீடு கட்டினார். மாபிள் தரை. இஸ்தோப்பு இல்லை, முன்னால் வேன் நிறுத்தும் இடம்.

எழுத்துக்காரர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. 2007இலிருந்து இந்தக் கோட்டைக்குள் ஆங்கில இலக்கிய விழா நடக்கிறது. உலகத்து எழுத்தாளர்கள் வருகிறார்கள். அவர்கள் நம்மைப் பற்றி எழுதவில்லை என்று குறைபட எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நாமே எழுதவில்லை. வெலிகமையின் எம்.எச்.எம். ஷம்ஸும் திக்வல்லை கமாலும் தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சைத் துணிந்து இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார்கள். கோட்டை வீட்டின் திரையையும் சிறு கதவையும் அப்படி எழுத்தில் கொண்டுவந்த ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. கல் வியாபாரம் செய்தோம், கணக்கு எழுதினோம். இன்று தெற்கில் நம் பிள்ளைகளில் பலர் சிங்கள மொழியில் படிக்கிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இஸ்தோப்பில் கேட்ட அந்தத் தமிழை எழுதிவைக்க இன்னும் எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்பது கேள்விதான்.

கோட்டைக்குள் நம்மவர் அடியோடு இல்லாமல் போகவில்லை. விற்காத குடும்பங்கள் இருக்கின்றன. சில வீடுகளில் முன் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுத்துப் பின்னால் குடியிருக்கிறார்கள். மீரான் பள்ளியில் ஐந்து நேரமும் பாங்கு கேட்கிறது. ஆனால் ஜும்ஆவுக்கு வருபவர்களில் ஒரு பகுதியினர் இப்போது வெளியூர்களிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்து இறங்குகிறார்கள். முன்பு பாங்கு கேட்ட பிறகு வீட்டிலிருந்து இறங்கினால் போதும். இப்போது பாங்குக்கு முன்னரே புறப்பட வேண்டும்.

ஐந்து நிமிடம் இருபது நிமிடமாயிற்று. அந்தக் கப்பல் வரைபடத்தின் கீழ்ச் சுவரை ஒரு மாணவி விரலால் தட்டிப் பார்த்தாள். "டீச்சர், இந்த எடத்துல மட்டும் சத்தம் வேற மாதிரி" என்றாள். அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன், இது யாருடைய வீடு என்று. அந்த ராத்தாமார் கோப்பையோடு வந்து போன கதையைச் சொன்னேன். முகாமையாளரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் காலிக்காரர்தான், சிங்களவர். தன் ஆச்சி எங்கள் சந்தில் யாரிடமோ நகை வாங்கியதாகச் சொன்னார்.

போகும்போது கண்ணாடிச் சட்டத்தைக் காட்டி, மூன்றாவது வாக்கியத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். எழுதித் தந்தால் முதலாளிக்கு அனுப்புவதாகச் சொன்னார். பிள்ளைகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார்கள். ஏறத்தாழ நூறு வருடம் இவ்வீட்டில் ஒரு முஸ்லிம் வியாபாரக் குடும்பம் வாழ்ந்தது, இங்கே பிள்ளைகள் பிறந்தார்கள், பின் சுவரில் ஒரு கதவு இருந்தது என்று. சிங்களத்தில் ஒரு எழுத்துப் பிழையை முகாமையாளரே திருத்தினார். தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அடுத்த விடுமுறையில் போய்க் கேட்க இருக்கிறேன்.