பின்ட்ரெஸ்டில் கோலம்: புள்ளியை எண்ணிவிட்டுச் சேமியுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் பூந்தமல்லி–ஆவடி சாலைப் பக்கம் சென்னீர்குப்பத்துத் தெருக்களில் விடியும் முன்பே கோலமாவு டப்பா வாசலுக்கு வந்துவிடும். முன்பு நோட்டைப் பார்த்துப் போட்டவர்கள் இப்போது போனைப் பார்த்துப் போடுகிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய பின்ட்ரெஸ்ட் செயலியை, வாசல் கோலம் தேடுவதற்கென்றே பயன்படுத்திப் பார்த்தேன். புள்ளிக் கணக்கு தெரிந்தவர் கையில் இது பெரிய புதையல். தெரியாதவருக்கு வெறும் படக்குவியல்தான்.

‘கோலம்’ என்று மட்டும் அடித்தால் ரங்கோலி, மண்டலா எல்லாம் கலந்து வந்து நிற்கும். ‘இடுக்குப் புள்ளி 15-8 சிக்குக் கோலம்’ என்று கணக்கோடு தேடுங்கள். தமிழில் ஒருமுறை, அதையே ஆங்கில எழுத்தில் ஒருமுறை. நம் பெண்கள் வாசலில் போட்டுப் படம் பிடித்தவை அப்போதுதான் மேலே வரும்.

இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது படத்தை வைத்தே படம் தேடும் வசதி. ஒரு கோலத்தின் மூலையில் இருந்த நெளியை மட்டும் கட்டம் கட்டிக் காட்டினேன். அதே வளைவோடு கோயில் கல் ஜன்னல் வந்தது, பித்தளைத் தட்டு வந்தது, மதுரைச் சுங்குடியின் முந்தானை வந்தது. வாசலில் குனிந்து போடும் நெளிக்கு இத்தனை சொந்தபந்தமா என்று அசந்துபோனேன். எந்தப் புத்தகமும் இப்படி அடுத்தடுத்து எடுத்துக் காட்டியதில்லை.

ஆனால் இந்தத் தேடல் பார்ப்பது தோற்றத்தைத்தான். புள்ளிக் கணக்கு அதற்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு வரைந்த கோலங்கள் இணையத்தில் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. அப்படிப்பட்ட படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கோடு புள்ளியைச் சுற்றாமல் அதன் மேலேயே ஏறிப் போகும், ஒரு நெளி பாதியில் அறுந்து நிற்கும், இடப்பக்கம் இருக்கும் புள்ளி வலப்பக்கம் இருக்காது. தூரத்தில் அழகு, கையில் மாவெடுத்தால் போடவே முடியாது. பின்ட்ரெஸ்ட் 2025 ஏப்ரலில் இத்தகைய படங்களுக்கு அடையாளம் போடத் தொடங்கியது. அக்டோபரில் அவற்றைக் குறைத்துக் காட்டச் சொல்லும் வசதியையும் தந்தது. செட்டிங்ஸில் பரிந்துரைகளைத் திருத்தும் பகுதிக்குப் போய் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் எண்ணித்தான் ஆக வேண்டும். இடுக்குப் புள்ளி 15-8 என்றால் நடுவரிசையில் 15. மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் நிற்கும். 15 வரிசை, 169 புள்ளி. நடுவரிசையையும் ஓரவரிசையையும் எண்ணுங்கள். பிறகு விரலை ஒரு கோட்டின் மேல் வைத்து ஓட்டுங்கள். புறப்பட்ட இடத்துக்கே விரல் திரும்பினால் சேமிக்கலாம்.

கோலம் கணக்குக்குக் கட்டுப்பட்டது என்பதைக் கணினி அறிவியல் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை விதிகளால் உருவாக்குவது பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1974-லேயே வெளியிட்டார்கள். அப்படியிருக்க, புள்ளி எண்ணிக்கையைக் கொடுத்துச் சலித்தெடுக்கும் வசதி ஒன்று இந்தச் செயலிக்கு வந்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை, படங்களைச் சேமித்து வைக்கும் பலகைகளுக்கு நீங்களே 7-4, 11-6, 15-8 என்று பெயர் வையுங்கள். ‘அழகான கோலங்கள்’ என்று ஒரே பலகையில் கொட்டினால் விடியற்காலையில் எதுவும் கைக்குக் கிடைக்காது. நாளைக்குப் போடப்போவதை இரவே நோட்டில் ஒருமுறை வரைந்துவிடுவதும் நல்லது. மாவுக் கையோடு திரையைத் தட்டிக்கொண்டிருப்பது சிரமம்.

நீங்கள் போட்ட கோலத்தை ஏற்றும்போது விளக்கத்தில் புள்ளிக் கணக்கையும் ஊர்ப் பெயரையும் தயவுசெய்து எழுதுங்கள். புள்ளி மட்டும் வைத்த நிலையில் ஒரு படம், கோடு இழுத்து முடித்தபின் ஒரு படம் என்று இரண்டையும் போட்டால், எங்கோ ஒரு ஊரில் இருப்பவர் அதைப் பார்த்துத் தன் வாசலில் அப்படியே போட்டுவிடுவார்.