பொங்கலுக்குப் பறவை எண்ண வாங்க!

சென்னையில் காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய சந்தோஷம் எது என்று என்னைக் கேட்டால், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்றுதான் சொல்வேன். 2015-லிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. ஜனவரியில் பொங்கலை ஒட்டி நாலு நாள். எங்கே நின்றாலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்டதையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்! இரவில் மாடி ஏறும் மரநாயைக் கணக்கெடுப்பதென்றால் தானியங்கி கேமரா கட்டிக் காத்திருக்க வேண்டும். இதற்குக் கண்ணும் காதும் போதும்.

நான் போவது கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிய மரப்பூங்காவுக்கு. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம். 2006-ல் 'நிழல்' அமைப்பினர் கையில் எடுத்து, தன்னார்வலர்களை வைத்தே நம் மண்ணின் மரங்களை நட்டு வளர்த்த குட்டிக் காடு. அடடா, அந்தக் காலை நேரம்! ரயில் தடதடத்து ஓய்ந்ததும் குக்குறுவான் டொங் டொங் என்று ஆரம்பிக்கும். கீழே சருகைப் புரட்டும் தவிட்டுக்குருவிகள், பாகப்பிரிவினைக்குக் கூடிய பங்காளிகள் மாதிரி ஓயாமல் கத்தும். அடையாற்றுப் பக்கம் திரும்பினால் நீர்க்காகம், மடையான், மீன்கொத்தி. ஆற்று நாற்றம் மறந்தே போகும், நம்புங்கள்!

என்னைப் பைத்தியமாக்கியது ஆறுமணிக்குருவிதான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் விருந்தாளி. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. அது புதருக்கடியில் தத்தி வந்தபோது, பட்டியலில் '1' என்று தட்டக் கை நடுங்கியது.

ஆனால் காக்கையையும் விடாமல் எண்ண வேண்டும். அரிய பறவைகளை மட்டும் எழுதினால் கணக்கு கோணிவிடும். இப்படி ஊரெல்லாம் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான், சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையால் சொல்ல முடிந்தது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் அதில் இருக்கிறது. (எங்கள் அபார்ட்மெண்ட் மாமாக்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

வரும் பொங்கலுக்கு இ-பேர்ட் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். பூங்கா வரை வர முடியாவிட்டால் மொட்டைமாடியில் 15 நிமிடம் நில்லுங்கள். அதற்குள் சர்க்கரைப் பொங்கல் ஒன்றும் ஆறிவிடாது!