உலாவில் காணப்படுவார் யார்?

திரைப்படத்திலும் விளம்பரப் பலகையிலும் ஆடவர் மேனி இன்று காட்சிப் பொருளாக நிற்கின்றது. சட்டையின்றி நிற்கும் கதைத்தலைவனையும் அவனைக் கண்டு ஆரவாரிக்கும் மகளிரையும் சுட்டிக் காட்டி, ‘இதுகாறும் ஆடவன் பெண்ணைப் பார்த்தான், இப்பொழுது பெண் ஆடவனைப் பார்க்கிறாள், கணக்குத் தீர்ந்தது, இனி இருபாலாரும் நிகரே’ என்று வாதிடுவார் உளர். படித்தவர் நடுவிலும் இவ்வாதம் செல்வாக்குப் பெற்று வருகின்றது. இதனை ஆராய்வதற்கு மேனாட்டு நூல்களை முதற்கண் நாட வேண்டுவதில்லை. ஆடவன் ஒருவனைத் தெருவில் வலம்வரச் செய்து, ஏழு பருவத்து மகளிரையும் அவனைக் காண நிறுத்திய இலக்கிய வகையொன்று தமிழில் பன்னூறாண்டு வாழ்ந்திருக்கின்றது. அதுவே உலா. பார்க்கும் கண் மாறினால் நிலையும் மாறிவிடுமா என்னும் வினாவிற்கு அவ்விலக்கியமே விடை கூறும்.

சேரமான் பெருமாள் நாயனார் இயற்றிய திருக்கயிலாய ஞான உலா, கிடைத்துள்ள உலாக்களுள் முற்பட்டது. ஆதியுலா என்றும் அதனை வழங்குவர். அதன் தலைவன் சிவபெருமான். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்னும் தந்தை, மகன், பெயரன் மூவர்மீதும் உலாப் பாடினார். மூவருலா எனப்படுவது இதுவே. இறைவனுக்குரிய தெருவில் அரசன் நடக்கலானான். பின்னர்ச் சிற்றரசரும் வள்ளல்களும் அவ்வழியே வந்தனர். கலிவெண்பாவால் ஆகிய இந்நூல்களில் முற்பகுதி தலைவனின் குலமும் கொடையும் வெற்றியும் கூறும். பிற்பகுதி அவனைக் கண்ட மகளிரின் நிலை கூறும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் எழுவரின் பெயரையும் அகவையையும் மாணவர்க்கு மனப்பாடம் செய்விப்பது தமிழாசிரியர் வழக்கம். ஐந்து வயதில் தொடங்கி நாற்பதில் முடியும் அப்பட்டியலை ஒப்பிப்பதோடு பாடம் முடிந்துவிடுவதுண்டு. அதற்குமேல் ஒரு வினா எழ வேண்டும்: உலாவில் உண்மையிற் காணப்படுபவர் யார்?

தலைவன் என்பதே எவரும் உடனே கூறும் விடை. நூலைத் திறந்து பார்த்தால் அவ்விடை நிற்பதில்லை. மூவருலாவில் சோழனின் உடலை ஒட்டக்கூத்தர் எத்துணை வருணிக்கிறார்? அவன் முன்னோர் வரிசை நீண்டு செல்கின்றது. நீராடியது, அணி பூண்டது, யானைமீது ஏறியது, உடன் வந்த அரசர், ஒலித்த முரசு, நிழற்றிய குடை ஆகிய யாவும் உள. இவற்றுள் பெரும்பாலானவை அவன் ஆட்சியின் அடையாளங்கள். அவன் மேனியின் இயல்புகள் அல்ல. மகளிர் தெருவிற்கு வந்தவுடன் புலவரின் கண் வேறிடத்திற்குப் பாய்கின்றது. கூந்தல், நெற்றி, விழி, இதழ், தோள், மார்பு, இடை என ஒவ்வொருத்தியும் உறுப்புறுப்பாக அளக்கப்படுகின்றாள். பருவம் ஏற ஏற அளவும் ஏறுகின்றது. பெயருக்கு அவள் காண்கின்றாள். நூலைக் கேட்கும் அவையோ அவளைக் காண்கின்றது. அவள் கண் தலைவன்மேல் இருக்கும் பொழுதில், அவை தடையின்றி அவளை நோக்குவதற்கு வாய்ப்பாக அமைந்த உத்தியே உலா என்று கூறுதல் மிகையாகாது.

வேறொன்றும் நோக்கத்தக்கது. உலா முழுவதிலும் இழப்பார் மகளிரே. வளை கழல்கின்றது, மேகலை நெகிழ்கின்றது, மேனி பசக்கின்றது, உறக்கம் போகின்றது. தலைவன் எதனையும் இழப்பதில்லை. அவன் யானை ஓரடியும் தயங்குவதில்லை. எழுவரும் ஏங்கி நிற்க, அவன் அடுத்த தெருவிற்குச் சென்றுவிடுகின்றான்.

அமெரிக்க மெய்யியலறிஞர் மார்த்தா நுஸ்பாம் 1995-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஆளைப் பொருளாக்கிப் பார்த்தல் என்பதனுள் அடங்கும் ஏழு கூறுகளை வகுத்துரைத்தார். ஆளைக் கருவியாகக் கொள்ளல், தன்விருப்பம் அவர்க்கு இல்லையெனக் கொள்ளல், செயலற்றவராகக் கொள்ளல், ஒருவரிடத்தில் இன்னொருவரை வைக்கலாம் எனக் கொள்ளல், சிதைக்கத் தக்கவராகக் கொள்ளல், உடைமையாகக் கொள்ளல், அவர் உணர்வைப் புறக்கணித்தல் என்பன அவை. இவ்வேழில் ஒன்றேனும் சோழனைத் தொடுகின்றதா? அவன் செயலற்றவன் அல்லன். எவர்க்கும் உடைமை அல்லன். அவனிடத்தில் இன்னொருவனை வைக்கவும் இயலாது. பெயரும் குலமும் கொடியும் முரசும் அவனுக்கே உரியன. மகளிரோ அத்துணைப் பேரும் பெயரற்றவர். பருவமே அவர்க்குப் பெயர். ஓர் அரிவையை நீக்கி மற்றோர் அரிவையை நிறுத்தினால் நூலில் ஓர் எழுத்தும் மாறாது. பார்க்கப்பட்டவன் ஆளாகவே நிற்கின்றான், பார்த்தவர் பொருளாயினர். பார்க்கப்படுதல் ஒன்றே ஒருவரை இழிவாக்குவதில்லை. அதிகாரம் இருக்கும் பக்கத்தைப் பார்வை தானாக மாற்றுவதுமில்லை. கண்ணி ஒவ்வொன்றிற்கும் ஆயிரம் பொன் கூத்தருக்கு வழங்கப்பட்டதென வழிவழியாகக் கூறுவர். கதை எவ்வாறாயினும், பொன் எவர் கையினின்று வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மகளிர் இறைவனைக் காணுதல் உயிர் இறைவனை நாடுதலைக் குறிக்கும் என்று அமைதி கூறுவாரும் உளர். ஞான உலாவிற்கு அது பொருந்தலாம். மானிட வேந்தனுக்கும் அதே அமைதியை நீட்டுவது புலமை ஆகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது மங்கையைக் காதல்நோய்க்கு ஆளாக்கிப் பாடுவதைக் காலத்தின் வழக்கு என்று விளக்கலாம். இன்றைய வகுப்பில் அவ்வயதுப் பிள்ளைகளே அமர்ந்திருக்கின்றனர் என்பதனை மறந்து அழகு பாராட்டுதல் தகாது. மறுமுனையில் பேரிளம்பெண்ணுக்குப் பின் எவரும் இல்லை. நாற்பதைக் கடந்தவளும் தெருவிற்கு வந்து பார்த்திருப்பாள். பாட்டியல் அவளைக் கணக்கில் வைக்கவில்லை.

உலா நூல்களுக்கு வெளியே இக்காட்சி இன்னும் நுட்பமாக அமைந்த இடங்கள் உள. முத்தொள்ளாயிரத்தில் தாய் கதவை அடைக்கின்றாள், மகள் திறக்கின்றாள். அடைத்தும் திறந்தும் கதவின் குடுமியே தேய்ந்துவிடுகின்றது. பெண்ணின் பார்வைக்கு வீட்டினுள்ளேயே காவல் இருந்தது என்பதனை இதனினும் இனிதாகக் கூறல் அரிது. கம்பர் பாலகாண்டத்து உலாவியற் படலத்தில், மிதிலை மகளிர் இராமனின் ஓர் உறுப்பைக் கண்டு அங்கேயே கண் நிலைத்து, மற்றதைக் காணாது நின்ற நிலையைப் பாடுகின்றார். ஆடவன் உடல் உண்மையிலேயே உறுப்புறுப்பாகப் பகுக்கப்படுவது ஈண்டுத்தான். எனினும் கம்பர் அதனோடு நின்றாரல்லர். வடிவினை முழுதும் கண்டவர் எவரும் இலர் என்று அவர் உணர்த்தும்பொழுது, பகுத்துப் பார்க்கும் பார்வையின் குறையையும் உடன்கூறியவர் ஆகின்றார்.

அதே கம்பரின் ஆரணிய காண்டத்தில் மற்றொருத்தி இராமனைப் பார்க்கின்றாள். மிதிலை மகளிரைப் போலவே அவளும் அவன் அழகில் தோற்கின்றாள். வேறுபாடு ஒன்றே: அவர்கள் வாய் திறக்கவில்லை, சூர்ப்பணகை அவன்முன் சென்று வாய் திறந்து கேட்டுவிட்டாள். மூக்கும் காதும் மட்டுமன்றி மார்பும் அறுபடுவதாகக் கம்பர் பாடுகின்றார். சீதையைப் பற்றச் சென்றமையால் ஒறுக்கப்பட்டாள் என்பது கதை, அக்குற்றம் குற்றமே. ஆயினும், ஒறுத்தல் விழுந்த உறுப்புகள் எவை என்பதனை ஆசிரியர் ஒருமுறை மாணவர்க்குச் சுட்டுதல் நன்று. தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தல் தலைவிக்கு இல்லை என்று தொல்காப்பியக் களவியல் விதிக்கின்றது. புதுக் கலத்தில் பெய்த நீர் புறத்தே கசிவதுபோல் அது குறிப்பால் தோன்றினால் போதும் என்பது அவ்விதி. மகளிர்க்கு மடலேறுதலும் விலக்கப்பட்டது. கண்ணுக்கு இசைவு தந்து வாய்க்குத் தடை இட்டமை மரபு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது. அதனை மீறித் தன் வாயாலேயே தன் வேட்கையைப் பாடிய ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களாக நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. தலைவன் திருமால் என்பதனால் அக்குரல் காக்கப்பட்டது என்றும் கருத இடமுண்டு.

இனி இக்காலத்திற்கு வருவோம். அத்திருமொழியின் ஒரு பதிகத் தொடக்கத்தையே பெயராகக் கொண்டு, ‘வாரணம் ஆயிரம்’ என்னும் திரைப்படம் 2008-இல் வெளிவந்தது. பெண்ணொருத்தி கண்ட திருமணக் கனவின் பெயரை ஏற்ற அப்படத்தைப் பற்றி அந்நாளில் மிகுதியும் பேசப்பட்டது கதைத்தலைவன் வயிற்றுத் தசையின் மடிப்பு. இதனைப் பெண்ணுரிமையின் வெற்றி என்பதா? திரைப்படத்தில் ஆடவன் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைக்கப்படுவதை லாரா மல்வி 1975-இல் எடுத்துரைத்தார். அவ்வமைப்பு தகர்ந்துவிடவில்லை, அதன் பக்கத்தில் இன்னொரு கடை திறக்கப்பட்டுள்ளது, அவ்வளவே. சோழனுக்கு நேராத ஒன்று இன்றைய இளைஞனுக்கு நேர்கின்றது. விளம்பரத்தில் தலையை வெட்டிவிட்டு மார்பையும் வயிற்றையும் மட்டும் அச்சிடுகின்றனர். அவனுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. நுஸ்பாம் கூறிய ஏழனுள் பல அவனுக்குப் பொருந்தும்.

இதன் தீங்கு கற்பனையன்று. அமெரிக்க உளமருத்துவர் ஹாரிசன் போப்பும் உடன் ஆய்ந்தோரும் சிறுவர் விளையாடும் படைவீரர் பொம்மைகளைக் கால வரிசைப்படி அளந்து, அவற்றின் தசை ஆண்டுதோறும் பெருத்து இயற்கையை விஞ்சிச் சென்றதை 1999-இல் வெளியிட்டனர். 2000-இல் அதனை விரித்துத் தனி நூலும் எழுதினர். நன்கு திரண்ட உடலுடையவனும் தன்னை மெலிந்தவன் என்றே எண்ணி வருந்தும் நோய், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்வகைக் கையேட்டில் இடம்பெற்றது. கண்ணாடிமுன் நின்று தன்னை வெறுக்கும் மாணவன் எந்தப் பள்ளியிலும் இருக்கலாம். ஆண்பிள்ளை அழகைப் பற்றிக் கவலுதல் நகைப்பிற்குரியது என்னும் எண்ணத்தால் அவன் வாய் திறப்பதுமில்லை.

ஆனால், ஆடவன் பெற்ற இத்துன்பத்தால் பெண்ணுக்கு எந்த உரிமை வந்தது? ஒருவன் நிலத்தைக் கவர்ந்தவன் அண்டை வீட்டான் நிலத்தையும் கவர்ந்தால், முன்னவனுக்கு நிலம் மீண்டுவிடுமா? படத்தின் முதலாளி அவளிடம் சீட்டு விற்கின்றான்; ஊதியத்திலோ அவையிலோ அவள் பங்கு அதனால் உயரவில்லை. உடலே தன் விலை என்று கற்றுக்கொண்ட இளைஞன் பெண்ணை எந்த அளவுகோலால் அளப்பான் என்பதும் எண்ணத்தக்கது. கற்ற கோலையே அவன் அவளுக்கும் நீட்டுவான். ஆகவே இது நிகர்மைக்குப் படி ஆகாது. இருக்கும் படியையும் இடிப்பது.

அங்ஙனமாயின் பெண் ஆடவனின் உடலைக் கண்டு வியத்தலே தவறோ எனின், அன்று. சங்கப் பாடல்களில் அதற்கு நேரிய சான்று உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் மல்லன் ஒருவனோடு பொருத போரை இரு புலவர் பாடினர். சாத்தந்தையார் புறநானூறு 80 முதல் 82 வரை பாடியவர். மல்லனின் மார்பில் ஒரு கால், பின்னே ஒரு கால் என்று போரின் பிடியை அவர் காட்டுகின்றார். தந்தை தித்தன் இதனைக் காணவேண்டும் என்கின்றார். அடுத்த மூன்று பாடல்களைப் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். (தம் பாட்டால் நிலைத்தவரையும் மகள் என்று தந்தை வழியாகவே ஏட்டில் குறித்தனர்.) அவர் கிள்ளியின் தோளைப் பார்க்கின்றார், அதனை மறைக்கவில்லை. ஆனால் தோளோடு அவன் உண்ணும் புற்கையையும் பார்க்கின்றார். எளிய கூழ் உண்டும் பெருந்தோளனாய் இருக்கின்றான் அவன். அருகில் இருந்தும் பசலையால் பொன்னிறமானேன் யான் என்று இருவர் நிலையையும் ஒருங்கு வைக்கின்றார். அவன் வறுமை அவர்க்குத் தெரியும். அவ்வூர் அவனுக்கு ஊரன்று, அந்நாடு அவனுக்கு நாடன்று என்பதும் தெரியும். தாய்க்கு அஞ்சுதலும் அவைக்கு நாணுதலும் உண்டென்று கூறிக்கொண்டே, அவ்வச்சத்தோடே பாடுகின்றார்.

85-ஆம் பாட்டில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றது. அவன் வென்றான் என்பார் ஒரு சாரார். வெல்லவில்லை என்பார் மற்றொரு சாரார். சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தம் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்த்த அப்பெண், அவன் வென்றதைத் தாம் கண்டதாகக் கூறுகின்றார். ஊர் வழக்கில் அவர் சொல்லும் ஒரு சான்றாக நிற்கின்றது. மூவருலாவின் எழுவரில் ஒருத்திக்கும் இவ்விடம் வாய்க்கவில்லை. உலாவைப் பாடமாக வைக்கும் ஆசிரியர் அதனை நீக்கிவிட வேண்டியதில்லை. இம்மூன்று சிறு பாடல்களையும் அதன் அருகில் வைத்து, முதலில் இவற்றைப் படிப்பித்து, பின்னர்ச் சோழன் தெருவிற்கு மாணவரை அழைத்துச் செல்லலாம்.