டைல்ஸ் இடுக்கு

குளியலறைக்குள் நுழைந்தால் எல்லோரும் டைல்ஸின் நிறத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இடுக்குதான் முக்கியம். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கோடு. டைல்ஸ் போட்டவரின் கைப்பக்குவம் அங்கேதான் தெரியும்.

முன்பெல்லாம் ஒயிட் சிமெண்டைக் குழைத்துத் தேய்த்துவிட்டுப் போவார்கள். அது தண்ணீரை உறிஞ்சும். மஞ்சளித்து, கறுத்து, கடைசியில் உதிரும். இப்போது எபாக்சி வந்திருக்கிறது. பிசினோடு ஹார்டனரைக் கலந்ததுமே இறுகத் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். ரப்பர் பலகையால் அழுத்தி நிரப்பிய பிறகு, ஈர ஸ்பாஞ்சைக் கோட்டுக்குக் குறுக்கே சாய்வாக இழுப்பார் தொழில் தெரிந்தவர். கோட்டின் போக்கிலேயே துடைத்தால் நிரப்பியதும் கூடவே பெயர்ந்து வரும். அந்தச் சாய்ந்த கைவீச்சை நின்று பார்க்கலாம், அவ்வளவு அழகு!

சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் சிலிக்கோன். கட்டடம் லேசாக அசையும்போது வளைந்து கொடுக்க அதற்குத்தான் தெரியும்.

ஆனால் இடுக்கை எவ்வளவு நன்றாக அடைத்தாலும், ஒழுகாமல் காப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சுதான். அதனால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே, பூச்சு காய்ந்ததும், தண்ணீர் போகும் துளையை அடைத்து 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிவையுங்கள். பிறகு கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள்.