வள்ளலும் நொண்டியும்: சீதக்காதி நொண்டி நாடகத்தின் பாத்திரங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் ஈகைக்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டுமெனில் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரே முதலில் நாவில் வரும். ஷைகு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அன்னாரின் இயற்பெயர். கிழவன் சேதுபதி என வழங்கப்பெறும் ரகுநாத சேதுபதியின் காலத்தில் வாழ்ந்து அவருக்கு உற்ற துணைவராக இருந்தவர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழியைக் கொத்தமங்கலம் முதலான செட்டிநாட்டு ஊர்களில் முஸ்லிமல்லாதவர்களும் வேற்றுமை பாராது எடுத்தாள்வதைக் காணலாம். இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் பெரும்பகுதி அந்நாளில் சேது நாட்டிற்கு உட்பட்டிருந்தது. சிவகங்கைச் சீமை தனியே பிரிந்ததெல்லாம் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான். ஆதலின் அவர் கீழக்கரையாருக்கு மட்டுமேயன்றி இந்நிலப்பகுதி முழுமைக்கும் உரியவர்.

இத்தகைய ஒருவரை மேடைக்குக் கொண்டுவருவது எங்ஙனம்? கொடையாளியை நாயகனாக்கினால் நாடகம் வெறும் புகழுரையாகிவிடும் அபாயம் உண்டு. ஏழைகள் வரிசையாக வருவர்; வள்ளல் அள்ளிக் கொடுப்பார்; கூட்டம் வாழ்த்தும்; திரை விழும். இதில் வாங்குபவனுக்கு முகமில்லை. உமறுப் புலவரின் ‘சீதக்காதி திருமண வாழ்த்து’ வள்ளலின் சிறப்பையே பாடுகிறது. வாழ்த்து என்னும் இலக்கிய வகைக்கு அதுவே முறை. ஆயின் அதே வள்ளலைப் பாடிய ‘சீதக்காதி நொண்டி நாடகம்’ வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டது. இந்நாடகத்தின் நாயகன் வள்ளல் அல்லன், திருடன் ஒருவன். இவ்வொரு தேர்விலேயே நாடகத்தின் வலிமை அனைத்தும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஒருவனே பலராதல்

நொண்டி நாடகம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் தமிழகத்தில் செழித்த ஒரு நாடக வகை. நொண்டிச் சிந்து என்னும் யாப்பில் அமைவது. கூத்தன் ஒரு காலை மடித்துக் கட்டிக்கொண்டு ஊன்றிய காலால் ஆடியவாறே தன் கதையைத் தானே சொல்வான். பிறந்தது, களவு பழகியது, தாசியின் வலையில் வீழ்ந்து பொருளிழந்தது, அவளுக்குப் பொருள் தேட வேண்டிக் குதிரை திருடப் புகுந்தது, அகப்பட்டுக் கால் இழந்தது, கருணையுள்ள ஒருவரால் நல்வழி காட்டப்பெற்றது, இறையருளால் இழந்த உறுப்பை மீளப் பெற்றது என்பதே இவ்வகையின் பொதுவான கதைப்போக்கு. ‘திருச்செந்தூர் நொண்டி நாடகம்’ முதலியனவும் இம்மரபினவே. கிறிஸ்தவப் புலவர்களும் இவ்வடிவத்தைக் கையாண்டுள்ளனர்.

ஆக, பாத்திரங்கள் பலராயினும் நடிகன் ஒருவனே. தாசியும், சிறைப்பிடித்த வீரரும், வள்ளலும் அந்த ஒற்றைக்காலனின் நாவிலிருந்தே எழுந்து வருகின்றனர். வள்ளலின் பெருமையை நாம் அவர் வாயால் கேட்பதில்லை. அரசவைப் புலவர் வாயாலும் கேட்பதில்லை. உதவி பெற்றவனே சாட்சி கூறுகிறான். சாட்சியத்தின் மதிப்பை உணர்ந்த நம் கல்வி மரபுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

ஐரோப்பாவில் போர்க்களத்துக் காயமுற்றோருக்காக இயக்கம் கண்ட ஹென்றி துனான் 1859இல் சோல்பெரினோவில் கண்டவற்றை 1862இல் நூலாக்கினார்; மறு ஆண்டில் செஞ்சிலுவை இயக்கம் உருவாயிற்று. அங்கே காயமுற்றவரின் கதையை எழுதியவர் உதவி செய்தவர். நம் நொண்டி நாடகத்திலோ அடிபட்டவனே பேசுகிறான். உதவியவர் அவன் பேச்சினுள் வந்து போகிறார்.

இரு முஸ்லிம்கள்

கதை நிகழும் களம் கற்பனையன்று. மராட்டிய மன்னர் ராஜாராம் அடைக்கலம் புகுந்திருந்த செஞ்சிக் கோட்டையை ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார். அப்பாசறைக் குதிரைக்கு ஆசைப்பட்டே நம் திருடன் அகப்படுகிறான், உறுப்பு இழக்கிறான். பின்னர் சீதக்காதியின் ஆதரவைப் பெற்று, இஸ்லாத்தைத் தழுவி, மக்கா நோக்கிச் சென்று, இறையருளால் நலம் பெறுகிறான்.

இங்கே தண்டிக்கும் ஆற்றல் ஒரு முஸ்லிமிடம் இருக்கிறது. தாங்கும் கரம் மற்றொரு முஸ்லிமிடம் இருக்கிறது. ஒருவர் பேரரசின் வாளை ஏந்தியவர். மற்றவர் கடற்கரை வணிகர். நம்மவர் என்பதற்காகத் தளபதியைப் புலவர் அருளாளராகத் தீட்டவில்லை. அதிகாரத்தையும் அருளையும் அருகருகே நிறுத்திவிட்டு, திருடனின் உள்ளத்தை இஸ்லாத்தின்பால் ஈர்த்தது எது என்பதைக் கதைப்போக்கால் உணர்த்துகிறார். பேரரசின் படை செய்யாததை ஒரு வணிகரின் பரிவு செய்தது. இஸ்லாம் இந்நாட்டில் வாளால் பரவிற்றா என்று இன்றும் வாதிடுவோர் 300 ஆண்டுகட்கு முற்பட்ட இத்தமிழ் நாடகத்தை ஒருமுறை நோக்குதல் நன்று.

அவன் எதற்காகத் திருடினான் என்பதும் கருதத்தக்கது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்ததை நாம் அறிவோம். அது பசித்தவனுக்குரிய சலுகை. நம் நாயகனோ பசியால் திருடியவன் அல்லன், காமத்தால் திருடியவன். இரக்கத்துக்கு உரிமை கோர அவனிடம் யாதொரு நியாயமும் இல்லை. அத்தகையவனையே வள்ளலின் முன் நிறுத்தியதில்தான் ஈகையின் உண்மையான உரைகல் உள்ளது. தகுதியுடையோருக்குக் கொடுப்பது எளிது. தண்டனை நிறைவேறிய பின்னும் ஒரு மனிதன் எஞ்சியிருக்கிறான். அவனை யார் ஏற்பது? மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் வரும் செய்தி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தண்டனையை நாடகம் விவாதிக்கவில்லை. தண்டனைக்குப் பிந்திய வாழ்வையே பேசுகிறது. சிறை மீண்டவரைச் சமுதாயம் எவ்வாறு நடத்துகிறது என்று இன்று சிந்திப்போர்க்கும் இதில் செய்தியுண்டு.

கொடுப்பவன் யார்?

நம் ஆலிம்களில் சிலர் இந்நூலைப் பொருட்படுத்துவதில்லை. தாசியைப் பற்றிய வருணனையும் உறுப்பு வளர்ந்த அற்புதமும் இதற்குக் காரணங்கள். முதலாவதைப் பின்னர் நோக்குவோம். இரண்டாவதில் அவர்கள் சற்று நிதானித்திருக்கலாம். நாடகத்தில் வள்ளல் காலை வளர்விக்கவில்லை, வழியைக் காட்டுகிறார். நலமளிப்பவன் இறைவன் ஒருவனே. படைத்தவனுக்கும் அவன் அடியாருக்கும் இடையிலுள்ள எல்லை காக்கப்பட்டுள்ளது. இம்மரபின் பிற நாடகங்கள் வழிபடு தெய்வத்துக்கு அளித்த இடத்தில் இப்புலவர் மரைக்காயரை அமர்த்தவில்லை என்பதே போற்றத்தக்கது.

இதனோடு, மக்களிடையே பெரிதும் பரவியுள்ள மற்றொரு கதையை ஒப்பிடுக. வள்ளல் மறைந்தபின் புலவர் ஒருவர் அடக்கத்தலத்தில் நின்று கதறிப் பாட, மண்ணிலிருந்து மோதிரக் கை வெளிப்பட்டதாம். மேற்கண்ட பழமொழிக்கு இக்கதையே விளக்கமாகச் சொல்லப்பெறுகிறது. பிள்ளைகளுக்கு வள்ளலை அறிமுகப்படுத்துவோர் இதையே முதலில் சொல்கின்றனர். நாடகம் வகுத்த எல்லையை இக்கதை தாண்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, வாழ்ந்தபோது அவர் செய்தவற்றை இக்கை மறைத்துவிடுவது. நெல்லுக்கு ஈடாகப் பொன் நிறுக்கப்பட்டதாகப் பாடப்பெற்ற பஞ்சத்தில் அவர் அன்னமிட்டதும், மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களோடு கொண்டிருந்த தொடர்பும், சீறாப்புராணம் எழத் தூண்டுகோலாக இருந்ததும், கீழக்கரையில் திராவிடச் சிற்பப் பாணியில் எழுந்த ஜும்ஆப் பள்ளியும் அற்புதம் ஏதுமின்றியே வியப்புக்குரியவை. மரணத்துக்குப் பின்னும் நிற்கும் நிலையான தர்மம் என்று நபிமொழி கூறுவதற்கு இவையே சான்று. செத்தும் கொடுத்தான் என்பதற்கு இதனினும் சிறந்த பொருள் வேண்டுவதில்லை.

வெற்றிடங்கள்

குறைகளைச் சொல்லாது விடுதல் முறையன்று. வள்ளல் எவ்வாறு பொருளீட்டினார் என்பதைத் துறைமுக வணிகமும் சேதுபதியின் அரசியலும் டச்சுக்காரரின் போட்டியும் சேர்ந்தே விளக்க முடியும். டச்சு ஆவணங்களில் பெரிய தம்பி மரைக்காயர் என்ற பெயர் இடம்பெறுவது தற்செயலன்று. நொண்டியின் கண்களுக்கோ கொடுக்கும் கை தெரிகிறது. அக்கை உழைத்தது தெரியவில்லை. சாட்சி ஒருவனே என்பதால் கிடைத்த வலிமைக்கு நாடகம் கொடுத்த விலை இது.

இரண்டாவது குறை பெரிது. நொண்டி நாடக மரபில் தாசி என்பவள் பொருளைப் பறிக்கும் பாவை மட்டுமே. அவளை அத்தொழிலில் நிறுத்திய முறைமையை மரபு வினவுவதில்லை. திருடனுக்குக் கருணை உண்டு, புதுவாழ்வு உண்டு, மேடையும் உண்டு. அவளுக்கு இம்மூன்றும் இல்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டிய விலைமாதுவை அல்லாஹ் மன்னித்தான் என்னும் நபிமொழியைக் கற்றோர் இங்கே சற்று நிற்கவே வேண்டும். இப்புலவர் ஒரு மரபை ஏற்கையில் அதன் முடிவை மாற்றினார். பாத்திரங்களுக்குள் அருள் பங்கிடப்படும் முறையை மாற்றவில்லை. ஆலிம்கள் குறை கூற வேண்டியது வருணனையின் அளவை அன்று, இவ்வஞ்சனையைத்தான்.

அல்லாஹ்வுக்காகவே உணவளித்து, கைம்மாறோ நன்றியோ நாடாதோரைத் திருக்குர்ஆன் 76ஆம் அத்தியாயத்தில் போற்றுகிறது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்று நபிமொழி பெற்றவனின் கடமையைச் சொல்கிறது. கொடுத்தவர் நன்றியைக் கேட்கலாகாது. பெற்றவர் அதை மறக்கலாகாது. ஒற்றைக்காலில் நின்று ஆடும் இந்நாயகன் பின்னதைச் செவ்வனே நிறைவேற்றுகிறான். வள்ளலைப் பற்றி இனி நாடகம் எழுதுவோர் மோதிரக் கையை விடுத்து இவனிடமிருந்தே தொடங்கலாம்; தொடங்கும்போது அத்தாசிக்கும் பேச ஓர் இடம் விடுதல் வேண்டும்.