வாசிப்பு வேகமும் சொல் என்னும் அலகும்

2021 ஜூலையில் மைய அரசு தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், மாணவர் இரண்டாம் வகுப்பின் முடிவில் நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்களும், மூன்றாம் வகுப்பின் முடிவில் குறைந்தது 60 சொற்களும் பொருளுணர்ந்து படித்தல் வேண்டும் என இலக்கு வகுத்தது. இலக்கில் குறையில்லை, அளக்கும் அலகிலேதான் இடர்ப்பாடு உள்ளது.

இந்தியில் 'ஜா ரஹே தே' என்பது மூன்று சொல், நான்கு எழுத்து. அப்பொருள் தரும் 'போய்க்கொண்டிருந்தார்கள்' தமிழில் ஒரு சொல், பன்னிரண்டு எழுத்து. அசையாக எண்ணினும் நான்குக்கு ஆறு. வேற்றுமையுருபும் அங்கே பெயரைவிட்டுத் தனித்து எழுதப்படும். இங்கே 'வீட்டில்' என ஒட்டி நிற்கும். எனவே ஒரே வேகத்தில் படிக்கும் இரு குழந்தைகளுள் தமிழ்க் குழந்தையே பின்தங்கியதாகக் கணக்கில் ஏறும். அச்சிடுவோர் 'போய்க் கொண்டிருந்தார்கள்' எனப் பிரித்துவிட்டாலோ, அக்குழந்தையின் வேகம் தானே கூடிவிடும்!

2022இல் என்.சி.இ.ஆர்.டி. 20 மொழிகளில் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, மொழிதோறும் தனித்தனி அளவுகோல் வகுத்தது. பாராட்டத்தக்க திருத்தமே, ஆயினும் அலகு சொல்லாகவே நின்றுவிட்டது.

நீண்ட சொல்லின் நடுவே நின்று, 'கொண்டு', 'இரு', 'ஆர்கள்' எனக் கூறுகளை இனங்காணும் குழந்தை தமிழின் ஒட்டுநிலை அமைப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறது. கடிகாரத்தை நோக்கும் ஆசிரியருக்கு அது தடுமாற்றமாகவே தோன்றும். அசையை எண்ணுவதோடு, குழந்தை நின்ற இடம் உருபன் எல்லையா, சொல்லின் வேறிடமா என்பதையும் குறித்துக்கொண்டால் அடுத்த நாள் பாடத்திற்கு அது பயன்படும். இந்தித் தேர்வுப் பகுதியைத் தமிழாக்குவோரும் சொல்லெண்ணிக்கையை ஒப்பிட்டு நிறைவடைதல் ஆகாது.