கணிப்பொறிக்குள் ஒரு வெப்பமானி: நிரல் விமரிசனம்

கதைக்கும் திரைப்படத்துக்கும் விமரிசனம் எழுதுவதை நாம் அறிவோம். கணிப்பொறி நிரலுக்கும் விமரிசனம் உண்டு என்பது மாணவர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயக்க அமைப்பின் மையப் பகுதியைக் கெர்னல் என்பர். அதில் ஒருவர் எழுதிய வரிகளை இன்னொருவர் படித்துக் குறை சொன்ன பிறகே ஏற்றுக்கொள்வது வழக்கம். நிரலை ஓட்டிப் பார்த்தால் போதாதா, எதற்காகப் படிக்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டால் விடை காண்போம்.

எல்.எம்.75 என்பது வெப்பநிலையை அளக்கும் ஒரு சில்லு. அதற்கான லினக்ஸ் நிரலில் ஒரு தலைப்புக் கோப்பு உண்டு. அதிலுள்ள இரு சிறு சார்புகளே நாம் விமரிசிக்கப் போகும் படைப்பு. ஒன்று, சில்லு தரும் பிட்டுகளை வெப்பநிலையாக மாற்றுகிறது. மற்றது, நாம் விதிக்கும் வெப்பநிலை வரம்பைப் பிட்டுகளாக மாற்றுகிறது.

சில்லு தருவது 9 பிட்டுகள். ஒவ்வொரு படியும் 0.5° செ. ஆகும். சுழிக்குக் கீழான வெப்பநிலையை அது இரண்டின் நிரப்பி முறையில் தெரிவிக்கிறது. எனவே -0.5° என்பது ஒன்பது 1-களாக வரும். குறியைக் கவனியாமல் படித்தால் அது 511; அதாவது 255.5°! உறைநிலைக் கிடங்கொன்றில் தீ விபத்துக்குரிய எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

இந்த 9 பிட்டுகளும் 16 பிட் எண்ணின் மேல்முனையில் அமர்ந்திருக்கின்றன. அவற்றை 7 இடம் வலப்புறம் நகர்த்த வேண்டும். ஆனால் எதிர்ம எண்ணை அவ்வாறு நகர்த்தும்போது குறி காக்கப்படும் என்று சி மொழியின் பழைய விதிகள் உறுதி கூறவில்லை. ஆகவே நிரலாசிரியர் நகர்த்தாமல் 128-ஆல் வகுத்திருக்கிறார். காரணத்தையும் அருகிலேயே குறித்திருக்கிறார். இது பாராட்டத்தக்கது.

இரண்டாவது சார்பு, நாம் தரும் எண்ணை முதலில் -55°க்கும் 125°க்கும் இடையே அடக்குகிறது, பிறகே கணக்கிடுகிறது. இந்த வரிசை முக்கியம். மிகப் பெரிய எண்ணைக் கொண்டு முதலில் கணக்கிட்டால் அது கொள்ளளவை மீறிவிடக்கூடும். அடுத்து, அருகிலுள்ள அரை டிகிரிக்கு முழுமையாக்க 250 கூட்டுகிறது; எதிர்ம எண்ணாயின் 250 கழிக்கிறது. ஏன் கழிக்க வேண்டும்? முழு எண் வகுத்தலில் பின்னப் பகுதி சுழியை நோக்கி வெட்டப்படுகிறது. எப்போதும் கூட்டினால் -25000 என்பது -24750 ஆகும். 500-ஆல் வகுக்க -49 கிடைக்கும். நாம் விதித்த -25° வரம்பு -24.5° என்று பதிவாகும்.

இங்கே எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. வகுத்தலுக்குக் காரணம் எழுதியவர், இந்த 250-க்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. நாளை ஒருவர் இதை எளிமையாக்குவதாக எண்ணி அந்தக் கழித்தலை நீக்கிவிடக்கூடும். தம் அறையில், 30° வெப்பத்தில் அவர் எத்தனை முறை சோதித்தாலும் தவறு வெளிப்படாது. படிப்பவர் கண்ணுக்கே அது தெரியும்.

இன்னொரு குறை இயற்பியலைச் சார்ந்தது. கெர்னலுக்குள் பதின்மப் புள்ளிக் கணக்கைப் பொதுவாகத் தவிர்ப்பதால், வெப்பநிலையை ஆயிரத்திலொரு டிகிரி அலகில் தருகிறார்கள். 25.5° என்பது 25500 என்று வரும். ஐந்து இலக்கங்களைக் கண்டு மயங்க வேண்டாம். சில்லின் படியே 500. தயாரிப்பாளர் கூறும் துல்லியமோ -25° முதல் 100° வரை ±2° தான். பிழை வரம்பைச் சொல்லாத அளவீட்டை ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நாம் ஏற்பதில்லை. இந்த எண்ணோ பிழை வரம்பின்றியே வருகிறது. இக்குறை இந்த நிரலுக்கு மட்டும் உரியதன்று. இதன் பின்னுள்ள பொது மரபுக்கு உரியது.

மொத்தத்தில், சிறிய நிரல், கவனமான நிரல். மாணவர்கள் காகிதமும் பென்சிலுமாக அமர்ந்து -55°ஐ இரண்டாவது சார்பில் செலுத்தி, கிடைக்கும் பிட்டுகளை முதல் சார்பில் செலுத்திப் பார்க்கட்டும். -55° திரும்பி வர வேண்டும். பிறகு கழித்தலைக் கூட்டலாக மாற்றி, மீண்டும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.